எண்ணெய் வடியும் கால் மணி நேரம்

பிக்கப் வண்டிக்குக் கறுப்பெண்ணெய் மாற்றும்போது யாரும் பொருட்படுத்தாத ஒரு நேரம் உண்டு. அடியிலுள்ள திருகாணியைக் கழற்றியாயிற்று. பழைய எண்ணெய் தொட்டியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. டீசல் பிக்கப் என்றால் ஏழெட்டு லிட்டர் வரை பிடிக்கும்; கடைசிச் சொட்டு வரை வடிவதற்குக் கால் மணி நேரமாவது வேண்டும். அந்த நேரத்தில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போகிறார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருகிறார். எண்ணெய் வடிந்ததும் திருகாணியைப் பூட்டி, புது எண்ணெயை ஊற்றி, வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள்.

உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒரு வண்டியின் அடிப்பாகத்தை மனிதக் கண் பார்ப்பது ஆண்டில் இரண்டு மூன்று முறைதான். அதுவும் எண்ணெய் மாற்றும் வேளையில்தான். அந்த வாய்ப்பையும் நழுவவிட்டால், அங்கே என்ன பழுது இருந்தது என்பதை விபத்து நடந்த பிறகுதான் அறிந்துகொள்ள நேரும்.

நம் வண்டி எதைச் சுமக்கிறது?

ஜொகூரில் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், கோத்தா திங்கி, லாபிஸ், சிகாமட் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டங்கள் கண்ணில் படும். அந்தத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் பிக்கப் இல்லாமல் இன்று வேலை ஓடாது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டிமேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா, ஃபோர்ட் ரேஞ்சர் என்று பெயர்கள் பல, வேலை ஒன்றே. 1968-ஆம் ஆண்டு ஜப்பானில் ஹைலக்ஸ் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அது ஒரு சிறிய சரக்கு வண்டி. இன்று நம் தோட்டங்களில் அது சுமக்காத பொருள் இல்லை. காலையில் உர மூட்டை, பகலில் செம்பனைக் குலை, மாலையில் எரிவாயுத் தோம்பு. இரவில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதே வண்டிதான்.

பின்தட்டு ஆள் ஏற்றுவதற்காக அமைந்ததன்று. ஆனாலும் தோட்டத்துக்குள் வேலையாட்கள் அதில் ஏறிப் போவதையும், மழை நாளில் பள்ளிப் பிள்ளைகள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து வருவதையும் நாம் பார்க்கத்தான் செய்கிறோம். ஆகவே வண்டியின் அடிப்பாகம் என்பது வண்டிக்காரர் ஒருவருடைய சொந்தக் கவலை மட்டும் அன்று.

சாதாரணக் காருக்கும் பிக்கப்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இன்றைய கார்களில் உடலும் சட்டமும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். பிக்கப்பிலோ ஏணியைக் கிடத்தியது போல ஓர் இரும்புச் சட்டம் அடியில் இருக்கிறது. அதைத்தான் சேசிஸ் என்கிறோம். இயந்திரம், ஓட்டுநர் அறை, பின்தட்டு, அச்சுகள் எல்லாம் அந்த ஏணியின் மேல்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. வண்டிக்குச் சாயம் அடிக்கலாம், புது இருக்கை போடலாம், பளபளவென்று சக்கரம் மாற்றலாம். அந்த ஏணி இற்றுப்போனால் இவை எதுவும் உதவாது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பனியில்லாத நாட்டில் உப்பு

"நம் நாட்டில்தான் பனி கிடையாதே, சேசிஸ் ஏன் துருப்பிடிக்கப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அங்கே டொயோட்டா நிறுவனம் டக்கோமா, டுண்ட்ரா என்ற பிக்கப் வண்டிகளை விற்றது. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புநீர் தெறித்துத் தெறித்து, பல வண்டிகளின் சேசிஸ் உள்ளிருந்தே அரித்துப்போனது. 2008-ஆம் ஆண்டில், 1995 முதல் 2000 வரை வெளிவந்த டக்கோமா வண்டிகளில் மிக மோசமாகத் துருப்பிடித்தவற்றை அந்நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. 2009-இல் ஏறத்தாழ 110,000 டுண்ட்ரா வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரம் துருவினால் கழன்று சாலையில் விழக்கூடும், பிரேக் குழாய்களும் பழுதாகக்கூடும் என்பதே காரணம். பின்னர் 2016-இல், ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைப் பற்றிய வழக்கு ஒன்றில் 340 கோடி அமெரிக்க டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு அந்நிறுவனம் உடன்பட்டது. வெளியே பார்த்தால் அந்த வண்டிகளில் பல நல்ல வண்டிகள்தாம். குனிந்து பார்த்தவர்களுக்குத்தான் சங்கதி தெரிந்தது.

பழைய லேண்ட் ரோவரின் கதையும் இதுவே. 1948-இல் அந்த வண்டி வெளிவந்தபோது, போருக்குப் பின் இரும்புத் தகடு கிடைப்பது அரிதாக இருந்ததால், உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சட்டம் மட்டும் இரும்பு. அதனால் மேலே உடல் துருவில்லாமல் இருக்க, கீழே சேசிஸ் இற்றுப்போன லேண்ட் ரோவர்கள் உலகமெங்கும் உண்டு. தோட்டத் துரைமார் லேண்ட் ரோவரில் வந்து இறங்கிய காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

இனி நம் ஊருக்கு வருவோம். நமக்குப் பனி இல்லை, சாலையில் உப்பும் இல்லை. ஆனால் பின்தட்டில் ஏற்றுகிறோமே உரம், அது என்ன? செம்பனைக்கு அதிகமாகப் போடும் உரங்களில் ஒன்று பொட்டாஷ். சிவந்த உப்புக்கல் போல இருக்குமே, அதுதான். அதன் வேதியியல் பெயர் பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இரண்டும் ஒரே குடும்பம். இரும்பை அரிக்கும் குளோரைடு இரண்டிலும் இருக்கிறது. பொட்டாஷ் உரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அதுவே. மூட்டை கிழிந்து சிந்திய உரம் பின்தட்டின் இடுக்குகளில் இறங்கி, மழைநீரில் கரைந்து, நேரே சேசிஸின் மேல்தான் ஒழுகுகிறது. அமெரிக்காவில் உப்பு சாலையிலிருந்து மேலே தெறித்தது. நம் தோட்டத்திலோ அது மேலிருந்து கீழே வடிகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

அதோடு செம்மண் சேறும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், சேசிஸின் மடிப்புகளில் அப்பிய சேறு ஈரத்துணி போல இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும். உரம் ஏற்றிய நாளில் பின்தட்டையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது பாதி வைத்தியம். மீதி வைத்தியம், பார்ப்பது.

அடியில் போகுமுன்

பார்ப்பது என்றதும் அவசரமாக வண்டிக்கு அடியில் புகுந்துவிடக் கூடாது. துருவைவிட இது பெரிய ஆபத்து. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு. தாங்கி நிற்பதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்கள் நசுங்கி இறந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம்.

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். மழையில் ஊறிய மண் தரை வேண்டாம். சிமெண்டுத் தரையே நல்லது. கைப்பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு, அதற்கென்றே விற்கும் இரும்புத் தாங்கிகளைச் சேசிஸுக்கு அடியில் கொடுத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்குங்கள். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் பாரத்தில் சட்டென்று நொறுங்கிவிடும். அவற்றை வைக்கவே கூடாது. பிறகு வண்டியைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் அடியில் போக வேண்டாம். சாவியைக் கழற்றி, அடியில் போகிறவர் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்பது நல்லது.

பிக்கப் உயரமான வண்டி என்பதால், பலவற்றைத் தூக்காமலே சரிந்து படுத்துப் பார்த்துவிடலாம். அப்படி முடிந்தால் தூக்க வேண்டிய தேவையே இல்லை.

இயந்திரம் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். முற்றிலும் ஆறியிருந்தால் எண்ணெய் கெட்டியாகி, அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். கொதிக்கும் சூடாயிருந்தால் கை வெந்துவிடும், புகைக்குழாயும் சுடும். தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, ஒரு சிறு சுத்தியல், பழந்துணி, கண்ணில் மண் விழாமல் காக்கும் கண்ணாடி, ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவே.

வடியும் எண்ணெய் சொல்வது

முதலில் எண்ணெயையே கவனியுங்கள். டீசல் வண்டியின் எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டாம். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். டீசல் நாற்றம் வீசி, எண்ணெய் தண்ணீராக ஓடினால் எரிபொருள் கலந்திருக்கிறது. இரண்டும் பட்டறைக்கு உடனே போக வேண்டிய அறிகுறிகள். கழற்றிய திருகாணியை விரலால் தடவிப் பாருங்கள். சில திருகாணிகளின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை போன்ற பொடி ஒட்டியிருப்பது தேய்மானம். நகத் துண்டு போல இரும்புச் சில் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

வண்டி இரவில் நின்ற இடத்தில் தரையில் விழுந்த சொட்டும் ஒரு சாட்சி. கறுப்பாயிருந்தால் இயந்திர எண்ணெய். பிசுபிசுவென்று கெட்டியாய், கந்தக வாடை வீசினால் அச்சிலுள்ள கியர் எண்ணெய். பச்சை அல்லது இளஞ்சிவப்பாய் வழவழவென்றிருந்தால் ரேடியேட்டர் நீர். குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் வெறுந்தண்ணீருக்குக் கவலை வேண்டாம். ஆனால் சக்கரத்தின் உட்பக்கத்திலோ நீண்ட குழாயின் ஓரத்திலோ மங்கிய மஞ்சள் நிறத்தில் ஈரம் கண்டால், அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்த வண்டியை நகர்த்தவே கூடாது.

முன்னிருந்து பின்னாக

பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பிள்ளைகள் வாசிப்புப் பாடத்தில் வரியைத் தாண்டாமல் விரல் வைத்துப் படிப்பது போல, முன் சக்கரத்தில் தொடங்கிப் பின் கொக்கி வரை விட்டுவிடாமல் போக வேண்டும்.

முன் சக்கரங்களின் உட்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறைகள் தெரியும். முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகளை அவை மூடியிருக்கின்றன. உறை கிழிந்தால் கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும். மண் உள்ளே போய் மூட்டைத் தின்றுவிடும். உறையை மாற்றுவது சிறு செலவு. மூட்டே போய்விட்டால் அதைப்போலப் பல மடங்கு. அருகிலேயே ஸ்டியரிங் தண்டுகளின் முனைகள் இருக்கும். ஒருவர் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல அசைக்க, மற்றவர் அந்த முனைகளைப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆடினால் தள்ளிப்போடாதீர்கள்.

இயந்திரத்தின் அடிமூடிக்கும் காப்புத் தகட்டுக்கும் இடையில் கை விட்டுப் பார்க்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த செம்பனை ஓலைச் சிம்பும் லாலாங் புல்லும் அங்கே பொதியாய்ச் சேர்ந்திருக்கும். பக்கத்திலேயே சுடும் புகைக்குழாய். எண்ணெய்க் கசிவும் சேர்ந்தால் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? எலி கடித்த மின்கம்பியும் அங்கேதான் அகப்படும்.

அடுத்து நடுப்பகுதி. கியர் பெட்டியிலிருந்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நீண்ட தண்டுகள் போகின்றன. அவற்றின் முனைகளில் சிலுவை போன்ற மூட்டுகள் இருக்கும். தண்டைக் கையால் பிடித்துத் திருப்பி அசைத்துப் பாருங்கள். மூட்டில் விளையாட்டு இருக்கக் கூடாது. கியர் மாற்றும்போது "டக்" என்று சத்தம் கேட்கும் வண்டிகளில் இந்த மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடும் வேகத்தில் தண்டு கழன்று தரையைக் குத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கிரீஸ் ஏற்றும் காம்பு இருந்தால் அதே வேளையில் கிரீஸும் ஏற்றிவிடலாம்.

இப்போது சேசிஸ். நீளமாய் ஓடும் இரு சட்டங்களையும் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். இற்ற இரும்பு "சொத்"தென்று கேட்கும். மேலே படர்ந்த செந்துரு வேறு. வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காய் உரிந்து வரும் துரு வேறு. முன்னதைத் தேய்த்து, துருத் தடுப்புச் சாயம் அடித்து நிறுத்திவிடலாம். பின்னதைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டி பாரம் ஏற்றக்கூடாத வண்டி. பின்னச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடம், வில்லுகள் தொங்கும் கொக்கிகள், குறுக்குச் சட்டம் சேரும் மூலை ஆகியவைதாம் முதலில் இற்றுப்போகும் இடங்கள். சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவை சேற்றால் அடைபட்டிருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஒரு காசு செலவில்லாத வேலை இது; ஆனால் உள்ளே தேங்கும் உர நீருக்கு வழி விடுகிறது.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு சொல். சேசிஸில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தாலோ, அடிப்பாகம் முழுவதும் அப்போதுதான் கறுஞ்சாயம் பூசியிருந்தாலோ, அதன் அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிரேக் குழாய் ஒரு விரல் தடிமன்கூட இல்லாதது. சேசிஸின் ஓரமாகப் பின்சக்கரம் வரை ஓடுகிறது. எங்கள் வட்டாரத்தில் குத்தகைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் ஒருவர் வீட்டு வாசலில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் படித்த அவருடைய மகள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அப்பா, இந்தக் குழாய் மட்டும் ஏன் ஈரமா இருக்கு?"

"சேறாயிருக்கும்மா."

"சேறெல்லாம் காஞ்சு போச்சேப்பா. இது காயலையே."

அவர் துணியால் துடைத்துப் பார்த்தார். சேறு போன இடத்தில் குழாய் துருவில் அரித்து, ஊசிமுனையளவு கசிந்துகொண்டிருந்தது. அன்றே பட்டறைக்காரரை வீட்டுக்கு அழைத்துக் குழாயை மாற்றினார். "மறுநாள் காலையில ஆறு பேரை ஏத்திக்கிட்டு மேட்டுலேருந்து இறங்க வேண்டியது சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரேக் குழாயைப் பார்த்த கையோடு பின்னச்சைப் பாருங்கள். அடுக்கடுக்கான பட்டை வில்லுகளில் ஏதேனும் விரிசல் கண்டிருக்கிறதா? வில்லையும் அச்சையும் இறுக்கிப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா? அவை தளர்ந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நாய் ஓடுவது போலச் சாய்வாக ஓடும். பல பிக்கப்புகளில் பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. பாரம் எவ்வளவு என்பதைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. சேறு இறுகி அந்தக் கம்பி அசையாமல் போனால், பிரேக் பாரத்துக்கு ஏற்ப வேலை செய்யாது. கடைசியாக, பின்னால் தொங்கும் மாற்றுச் சக்கரத்தின் சங்கிலி. அதை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். நடுக்காட்டில் சக்கரம் வெடித்த பிறகு, சங்கிலி துருப்பிடித்து இறங்க மறுத்தால் யாரைக் கூப்பிடுவது?

வெள்ளத்தில் இறங்கிய வண்டி

ஜொகூர் மக்களுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியதை மறந்தவர்கள் இல்லை. 2023 மார்ச்சில் சிகாமட், குளுவாங், பத்து பகாட் வட்டாரங்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்களில் உயரமான பிக்கப்தான் தண்ணீரில் இறங்கி ஆட்களை ஏற்றி வருகிறது.

ஆனால் ஓடிச் சூடான அச்சுப் பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது, உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள நீரை உறிஞ்சப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அச்சில் சிறு மூச்சுக்குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் வாய் சேற்றால் அடைபட்டாலோ, குழாயின் வாயே நீரில் மூழ்கினாலோ தண்ணீர் அச்சுக்குள் போய்விடும். இயந்திர எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட அச்சு எண்ணெயை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். வெள்ளநீரில் ஓடிய வண்டிக்கு முன்னச்சு, பின்னச்சு, கியர் பெட்டி ஆகியவற்றின் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் நிறம் கண்டால் உடனே மாற்ற வேண்டும். மூச்சுக்குழாயின் வாயையும் துடைத்துவிடுங்கள்.

பூட்டும்போது

எண்ணெய் வடிந்து முடிந்தது; பார்வையும் முடிந்தது. திருகாணிக்குப் புது வாஷர் போடுங்கள்; பழைய வாஷரில் கசிவு வரும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இயந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மேலே முறுக்கினால், இரண்டு வளையங்களுக்கு நடுவே எண்ணெய் பீறிட்டு, சில நிமிடங்களில் இயந்திரம் வறண்டுவிடும். புது வளையத்தில் கொஞ்சம் புது எண்ணெயைத் தடவி, கையால் முறுக்குங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதற்கு வண்டியோடு வந்த கையேடே அதிகாரி. தூசியிலும் பாரத்திலும் ஓடும் வண்டிக்கு அதே கையேடு குறைந்த தவணையைச் சொல்லியிருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். ஊற்றியபின் ஒரு நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தி, அடியில் கசிவு உண்டா என்று பார்த்து, சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியைப் பாருங்கள்.

பழைய எண்ணெய் எங்கே போகிறது?

நம் தோட்டப்புறங்களில் பழைய கறுப்பெண்ணெய்க்குப் பல உபயோகம் உண்டு. வேலிக் கம்பத்துக்குப் பூசுவார்கள், கரையானுக்கு ஊற்றுவார்கள், சொறி பிடித்த நாய்க்குக்கூடத் தடவுவார்கள். இவை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். இயந்திரத்தில் வெந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்கின்றன. நாய் தன் உடம்பை நக்கும். பிள்ளைகள் நாயைத் தொடுவார்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துரு பிடிக்காதிருக்கச் சேசிஸில் பழைய எண்ணெயை அடிக்கும் வழக்கமும் நல்லதன்று. அது ரப்பர் பாகங்களை ஊதவைத்துக் கெடுக்கும். புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். மழையில் கரைந்து மண்ணில் இறங்கும். சேசிஸுக்கென்று விற்கும் மெழுகுத் தைலத்தைக் கழுவிக் காயவைத்த இரும்பில் அடிப்பதே முறை.

கால்வாயில் ஊற்றுவதோ பெருங்கேடு. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் என்ன நடந்தது என்பதை ஜொகூர் மக்கள் அறிவார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிச் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது தொழிற்சாலைக் கழிவு; நம் வீட்டு எண்ணெய் அவ்வளவு கொடியதன்று. ஆனால் நம் கால்வாயும் ஏதாவதோர் ஆற்றில்தான் போய் விழுகிறது. 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி பழைய மசகெண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. பட்டறைகள் அதைப் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் எண்ணெய் மாற்றுகிறவர்கள் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, பழகிய பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய ஃபில்டரையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.

நோட்டுப் புத்தகம்

1994-இல் தொடங்கிய புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையங்களில், சரக்கு வண்டிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்பது விதி. அங்கே குழிக்குள் நின்று அடிப்பாகத்தையும் பார்க்கிறார்கள். தனியார் பெயரில் பதிவான பிக்கப்புகளுக்கு அப்படிக் குறித்த காலச் சோதனை இல்லை; பெயர் மாற்றம் போன்ற வேளைகளில்தான் உண்டு. ஆகவே வீட்டு வண்டிக்கு நாமேதான் சோதனை அதிகாரி.

அதற்காகத்தான் நோட்டுப் புத்தகம் கேட்டேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய், கண்ட கசிவு, துரு கண்ட இடம், மாற்றிய பாகம் என்று ஆறு கட்டங்கள் போதும். இதை எழுதும் பொறுப்பைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். போன முறை எழுதியதையும் இந்த முறை எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் துரு வளர்கிறது, எந்தக் கசிவு கூடுகிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளை டார்ச் பிடிக்கட்டும், கேள்வி கேட்கட்டும். வண்டி தாங்கிகளின் மேல் நிற்கும்போது அடியில் மட்டும் போக வேண்டாம்.

"படிக்காவிட்டால் பட்டறையில்தான் வேலை" என்று பிள்ளைகளை அதட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பட்டறை வேலையும் படிப்புத்தான். மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்.கே.எம். சான்றிதழில் தொடங்கி டிப்ளோமா வரை அதற்குப் படிகள் இருக்கின்றன. அந்தப் படியில் முதல் காலை நம் வீட்டு வாசலிலேயே வைக்கலாம்.

அடுத்த முறை உங்கள் வண்டிக்கு எண்ணெய் மாற்றும்போது, தேநீரைக் கால் மணி நேரம் தள்ளி வையுங்கள். டார்ச்சை எடுத்துக் குனிந்து பாருங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள். வீட்டுக்கு நல்லபடியாகத் திரும்ப வேண்டியவர்கள் அந்த வண்டியில்தான் ஏறப்போகிறார்கள்.